நீடாமங்கலம் கேட்

கேட் போட்டுவிட்டார்கள்.
தஞ்சாவூரில் ஐந்தேகாலுக்கு எடுத்த பேருந்து
எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறது.
மடியில் பயிற்சி வகுப்பில் கொடுத்த பிளாஸ்டிக் கோப்பு,
எழுதாத பேனா,
"ஈரல் கொழுப்பு: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு"
என்று அச்சிட்ட எட்டுப் பக்கம்.

அறுபது பேர் இருந்தோம்.
பாதிப் பேருக்கு பெல்ட் கடைசி ஓட்டைக்கு வந்திருந்தது.
பாடம் எடுத்த ஜெனிட்டாவுக்கு
நான் வேலையில் சேர்ந்த வருஷம்
பால்பல் விழுந்திருக்கும்.
எடுத்த எடுப்பில் கேட்டார்:
"ஸ்கேனில் கிரேடு ஒன்று என்று வந்தால்
சீட்டில் என்ன எழுதுவீர்கள்?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எல்லோரும் எழுதுவது ஒன்றேதான்.
பச்சை டானிக், இரண்டு வேளை.
வாயால் சொல்வது:
"இது எல்லாருக்கும் இருக்கிறதும்மா, பயப்படாதே."

மத்தியானச் சாப்பாட்டில் கேசரி வைத்தார்கள்.
யார் முதலில் தொடுவது என்று
அறுபது மருத்துவர்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
பிறகு தொட்டோம்.

ஈரக்குலை நடுங்குது என்பார்கள் எங்கள் பக்கம்.
நடுங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.
வலிக்கவும் தெரியாமல்
அது பாட்டுக்கு இறுகிக்கொண்டு கிடக்கிறது.
"கொழுப்பு வாய்க்காலில் சேர்ந்த தூர் மாதிரி,
வாரிவிடலாம்.
தழும்பு, கரை சரிந்து வாய்க்காலே தூர்ந்த மாதிரி.
எது எந்தக் கட்டம் என்று
கிரேடு சொல்லாது" என்றார் ஜெனிட்டா.
வயதும் மூன்று ரத்த எண்களும் சொல்லுமாம்.
எங்கள் ஆய்வகத்திலேயே வருகிற எண்கள்.
ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து
"கொஞ்சம்தான் கூட" என்று
எத்தனை தாளை மடித்துக் கொடுத்திருப்பேன்.

சரக்கு ரயில் வருகிறது,
அடைத்த பெட்டிகள், உள்ளே நெல்.
எண்ண ஆரம்பித்து
பதினேழில் விட்டுவிட்டேன்.

கைப்பையில் பவுனம்பாளின் ரிப்போர்ட்.
போன வாரம் சர்க்கரை மாத்திரைக்கு வந்தவள்
மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனது.
கொள்முதல் நிலையத்தில் சிந்திய நெல் கூட்டுகிறவள்.
ஈரல் என்று நான் சொன்னதற்கு
"குடிக்கிறது அவரு, வீங்குறது எனக்கா?" என்று
முந்தானையால் வாய் பொத்திச் சிரித்தவள்.
நானும் சிரித்தேன்.

வயது ஐம்பத்தெட்டு.
அதை அறுபத்திரண்டால் பெருக்கி,
தட்டணு நூற்று முப்பத்திரண்டால் வகுத்து,
நாற்பத்தொன்பதின் வர்க்கமூலம் ஏழு,
அதாலும் வகுத்தால்
மூன்று புள்ளி எட்டு ஒன்பது.

இரண்டு புள்ளி ஆறு ஏழைத் தாண்டினால்
உங்களிடம் வைத்திருக்காதீர்கள், அனுப்பிவிடுங்கள் என்று
மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

மறுபடி போட்டேன்.
தப்பாகப் போட்டிருக்க வேண்டுமே என்று
இவ்வளவு ஆசையோடு
எந்தக் கணக்கையும் போட்டதில்லை.
மூன்று புள்ளி எட்டு ஒன்பது.

ஆறு வருஷம்.
மாதம் ஒரு தடவை, என் எதிரே, அந்த ஆடுகிற ஸ்டூலில்.

கேட் திறந்தாயிற்று.
திறந்து என்ன,
இரண்டு பக்கத்து வண்டிகளும் நடுவில் முட்டிக்கொண்டு
ஒன்றுக்கும் பின்வாங்க மனசில்லை.
கண்டக்டர் இறங்கி யாரையோ திட்டுகிறார்.

நாளைக்கு அவள் கேட்பாள்,
"சோத்தைக் குறைக்கணுமா டாக்டரு?"
ரேஷனில் இருபது கிலோ அரிசி,
கூட்டி அள்ளியதில் புடைத்தெடுத்தது கொஞ்சம்,
அதைத் தவிர அந்த அடுப்பில் வேறென்ன ஏறுகிறது?
எட்டுப் பக்கத்தையும் புரட்டிவிட்டேன்.
காய்கறி, பயறு, மீன் என்று படம் போட்டிருக்கிறது.
அதை வாங்குகிற காசுக்குப் படம் இல்லை.

நர்ஸ் தமயந்தியைக் கூப்பிட்டேன்.
"பவுனம்பாளைக் காலையில் வரச் சொல்லு.
வெறும் வயிற்றில்.
தஞ்சாவூருக்குச் சீட்டு எழுதணும்,
நானே பேசிக்கொள்கிறேன்."

"ஏன் மேடம்? இப்பதான் கடைத்தெருவுல பார்த்தேன்,
நல்லாத்தானே இருக்குது."

ஆமாம், என்றேன்.
நல்லாத்தான் இருக்குது.